இறந்தவர் பெயரில் இரண்டு வருடம்

புனே பக்கம் பிம்ப்ரியில் நான் கேபிள் இழுத்த ஆபீஸ்களை எண்ண இரண்டு கை விரல்களும் போதாது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. படிப்பு ஏழாவதோடு நின்றது. அதுவும் தேஹு ரோடில், ஹிந்திப் பள்ளிக்கூடத்தில். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவக் கிடங்கில் பெட்டி தூக்க வந்தவர். தமிழ் எழுத்தை வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு நானே படித்தேன். இதோ எழுதுகிறேனே, இதை எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.

வயரிங் வேலையும் அப்படித்தான் கைக்கு வந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், ஆபீஸில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று சேர்க்கக் கறுப்பு கேபிள் ஒன்றுதான் மேசைக்கு மேசை ஓடும். எங்கேயாவது ஒரு முனை கழன்றால் ஆபீஸ் முழுக்கப் படுத்துவிடும். டிப்ளமா படித்தவர்கள் மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அரை நாள் தேடுவார்கள். நான் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்துபோய் விரலால் தடவியே கண்டுபிடிப்பேன். புனேயில் தெற்கத்திக்காரன் யாராக இருந்தாலும் அவன் அண்ணாதான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட, லைன் படுத்ததும், "அண்ணாவைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்கள்.

இப்படிப் பெருமை அடித்துக்கொள்ள என்னிடம் நிறைய உண்டு. இங்கே எழுதப்போவது அதில் சேராத ஒன்று.

பம்ப் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையின் ஆபீஸை நான்தான் பார்த்துக்கொண்டேன். பதினோரு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும்: இதில் யார் யார் நுழையலாம், அவரவர் பாஸ்வேர்ட் என்ன என்று. பக்கத்து மெஷினின் பட்டியல் இதற்குத் தெரியாது. புதிதாக ஒருவர் வேலைக்கு வந்தால் நான் மெஷின் மெஷினாகப் போய் உட்கார்ந்து அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். பதினோரு மெஷினுக்குப் பதினோரு தடவை. ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

அதனால் அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. யார் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முன்பு உட்கார்ந்தவர் பெயரிலேயே உள்ளே போவார்கள். லீவில் போனவர் இடத்துக்கு வந்தவர் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து, "ஸ்டோர்ஸ் பாஸ்வேர்ட் என்னப்பா?" என்று கத்துவார், இந்தக் கோடியிலிருந்து நாலு பேர் பதில் சொல்வார்கள். யாருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கு ரொம்பச் சௌகரியமாகவே இருந்தது.

அங்கே டிஸ்பாட்ச் பிரிவில், வெளியே போகிற லாரிகளுக்குச் சரக்குப் பட்டியல் போடுகிற கிளார்க் ஒருவர் இருந்தார். எங்கள் தேஹு ரோடு ஆள், தமிழர். மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் டப்பாவைத் திறந்து பங்கு போட்டுச் சாப்பிடுவோம். ஒருநாள் காலை பஸ் ஸ்டாப்பில் நின்றவர் அப்படியே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயசு.

கம்பெனி இரக்கப்பட்டு அவர் மனைவிக்கு அந்த வேலையைக் கொடுத்தது. இரண்டு வருடம் டெம்பரவரி. அதன் பிறகு, செய்த வேலையைப் பார்த்து நிரந்தரமாக்குவார்கள். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தை, வாடகை வீடு. வேறு வருமானம் கிடையாது. அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் தங்கச்சி அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், முழுசாகச் சாய்ந்தால் யாராவது திட்டுவார்கள் என்பது மாதிரி.

"அண்ணா, இது பேர் கேக்குதே?"

"உன் பேரு போட்டா எடுத்துக்காதும்மா. இன்னும் சேக்கல. அவர் பேரே இருக்குது பாரு, இப்போதைக்கு அதுலயே போ."

"பாஸ்வேர்டு?"

"அது எனக்குத் தெரியாதே. போன மாசம்தான் மாத்தினாரு."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். பிறகு ஒரு விரலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள். திறந்துகொண்டது.

"ஸ்கூட்டர் நம்பர்" என்றாள்.

"அடுத்த வாரம் உன் பேரைச் சேத்துடறேன்" என்றேன். அடுத்த வாரம் சின்ச்வடில் ஒரு பேங்க் வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் வேறொன்று. அவளும் கேட்கவில்லை, நானும் செய்யவில்லை. தினமும் காலையில் அவள் புருஷன் பெயரைத் தட்டி உள்ளே போய்ப் பட்டியல் போட்டாள். ஆறு மாதத்தில் எந்த லாரியில் என்ன ஏறியது என்று பார்க்காமலே சொல்லுமளவு தேறிவிட்டாள். அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு மும்பை ஹெட் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. எல்லா ஆபீஸிலும் இனி ஒரே பட்டியல், ஒரே இடத்தில். அதற்குப் பெயர் டைரக்டரி. அதை நிறுவ அனுப்பப்பட்ட இன்ஜினியர் கோயம்புத்தூர்க்காரர். இந்த ஊர்ப்பக்கம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என்னிடம் தமிழ் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"அண்ணா, டைரக்டரின்னா என்னன்னு மொதல்ல உங்களுக்குச் சொல்லிடறனுங்க."

"நீ சொல்ல வேணாம் தம்பி. ராணுவக் கிடங்கு கேட்டைப் பாத்திருக்கியா? உள்ள நூறு ஷெட்டு. ஒவ்வொரு ஷெட்டு வாசல்லயும் ஒரு காவல்காரன். யாரு எந்த ஷெட்டுக்குள்ள போலாம்ன்ற ரிஜிஸ்டரு மெயின் கேட்ல மட்டும்தான் இருக்கும். காவல்காரன் போன் பண்ணிக் கேப்பான். கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்குது. மொதல்ல 'நான் இன்ன ஷெட்டுக்காரன் பேசறேன்'னு தன்ன யாருன்னு சொல்லணும். அத ஒத்துக்கிட்டாத்தான் அடுத்த கேள்வி. இன்ன ஆளு வந்திருக்கான், விடலாமா? விடு, இல்ல விடாத. போன வெச்சுடுவான். இதானே?"

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "ஏனுங்ணா, இதைத்தான் நாங்க ரெண்டு செமஸ்டர் படிச்சோம்."

சொன்னேனே, பெருமை என்னிடம் நிறைய. ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை அவரிடமிருந்துதான் கற்றேன். டைரக்டரியில் ஒவ்வொருவருக்கும் பெயரோடு கூட ஒரு நம்பரும் உண்டு. பெயர் வெளியே ஒட்டிய சீட்டு, மாற்றலாம். உள்ளே இருக்கிற நம்பர் மாறாது. ஃபைலை யார் எழுதியது, யார் திறக்கலாம் என்பதெல்லாம் அந்த நம்பரோடுதான் கட்டியிருக்கும். அப்பாவைக் கிடங்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டிக்கெட் நம்பர்தான். அதனால் இதுவும் எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

பழைய மெஷின்களில் இருந்த பெயர்களையெல்லாம் நம்பரோடு டைரக்டரிக்குள் கொண்டுவந்தோம். பிறகு அதையும், வேலையாட்கள் விவகாரம் பார்க்கிற பெர்சனல் ஆபீஸ் கொடுத்த ஆட்கள் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஜினியர் சரிபார்த்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் நின்றார்.

"அண்ணா, இவர் யாருங்க? ஆபீஸ் லிஸ்ட்ல இல்ல. ஆனா இன்னிக்குக் காலைல ஒம்பது பத்துக்கு உள்ள வந்திருக்காரு."

எட்டிப் பார்த்தேன். என் டப்பாக்காரரின் பெயர்.

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது."

"வேலைய விட்டுட்டுங்களா?"

"செத்துட்டாருப்பா."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "அப்ப இந்தப் பேர்ல தினமும் வந்துட்டிருக்கறது யாருங்ணா?"

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க மாட்டேன். "தெரியல தம்பி, விசாரிக்கணும்" என்றேன். விரலால் தடவியே கேபிள் முறிவைக் கண்டுபிடிக்கிறவன், யார் என்று தெரியாது என்றேன்.

அவர் தன் கடமைப்படி பெர்சனல் ஆபீஸருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆபீஸரின் மேசையில் தங்கச்சியின் ஃபைல் திறந்திருந்தது. நிரந்தரமாக்க வேண்டிய மாதம் அது. அவள் செய்த வேலையின் விவரத்தைக் கம்ப்யூட்டரிடம் கேட்டிருக்கிறார். அவள் பெயரில் ஒரு வரிகூட இல்லை. அதன் கணக்குப்படி இரண்டு வருடமாக எல்லாச் சரக்குப் பட்டியலையும் இறந்துபோன மனிதர் போட்டிருந்தார்.

கம்பெனி வாசலுக்கு எதிரே, புனேக்காரர்கள் அம்ருத்துல்ய என்று சொல்கிற டீக்கடை ஒன்று உண்டு. மத்தியானம் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது தங்கச்சி ரோட்டைத் தாண்டி வந்தாள். அவள் ஒருநாளும் அந்தக் கடைக்கு வந்ததில்லை.

"அண்ணா, சாஹேப் கூப்ட்டாரு. ரெண்டு வருசமா நான் ஒரு லிஸ்ட்டுகூடப் போடலியாம். அடுத்தவங்க பேர்ல திருட்டுத்தனமா உள்ள போனேனாம். புது ரூல்படி அது குத்தமாம். சனிக்கெழமக்குள்ள பதில் எழுதிக் குடு, இல்லன்னா வேல இல்லன்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "உங்க பேரச் சொல்லலாமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

டீ கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தேன். அவள் அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அதைக்கூட என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும் என்று வந்து நிற்கிறாள்.

அப்போதும் எனக்குக் குறுக்கு வழிதான் தோன்றியது. "நீ எதும் சொல்ல வேணாம், நான் சரி பண்றேன் வா" என்று இன்ஜினியரிடம் அழைத்துப் போனேன்.

"தம்பி, பேரு வெறும் சீட்டுதானே? நம்பர் அப்படியே இருக்கட்டும். சீட்டக் கிழிச்சிட்டு இந்த அம்மா பேர ஒட்டிடு. எல்லா லிஸ்ட்டும் இவங்க போட்டதா காட்டும்ல?"

"காட்டுமுங்ணா. அரை நிமிஷ வேலை." அவர் குரலில் உற்சாகம் இல்லை. "ஆனா அவர் உசுரோட இருந்தப்ப போட்டதும் இவங்க போட்டதாத்தானுங்க காட்டும். ஏழு வருஷத்து ஃபைல் இருக்குதுங்க. ஒண்ணுலகூட அவர் பேரு இருக்காது."

நான் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன், சரி என்பாள் என்று நினைத்துத்தான்.

"வேணாம்" என்றாள்.

"இன்னாம்மா நீ? சனிக்கெழம பதில் குடுக்கணும்…"

"அவரு செஞ்சது அவரு பேர்ல இருக்கட்டும் அண்ணா. நான் செஞ்சது மட்டும் என் பேர்ல வேணும். ஆவுமா ஆவாதா, அத மட்டும் சொல்லுங்க." அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "அவரத் துடைச்சிட்டு எனக்கு வேல வேணாம்."

இன்ஜினியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க்கா" என்றார். "ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் தேதி இருக்குங்க. அவர் தவறின தேதிக்கு அப்புறம் எழுதினதுக்கு எல்லாம் ஓனர மாத்தலாம். அது தப்பில்ல. ஆனா எழுதினது நீங்கதான்னு யாராச்சும் ஒத்துக்கணும். அந்தப் பேர்ல வேற ஆளு உக்காந்திருக்கலாமில்லன்னு சாஹேப் கேப்பாரு."

கேட்பார்தான். நாற்காலிக்கு ஒரு பாஸ்வேர்ட் என்று இருந்த ஆபீஸ் அது.

இப்போதுதான் என் மூளை வேலை செய்தது. இதில் மட்டும் நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். டைம் ஆபீஸுக்குப் போய் இரண்டு வருடத்து மஸ்டரைக் கேட்டு வாங்கினேன். யார் என்றைக்கு வந்தார்கள், யார் லீவு என்று கையெழுத்தோடு இருக்கிற பெரிய புத்தகம். அந்தப் பெயர் உள்ளே வந்துபோன நேரத்தை இன்ஜினியர் திரையில் ஒவ்வொரு நாளாகப் படிப்பார், நான் மஸ்டரில் தங்கச்சியின் வரியில் விரலை வைத்துக்கொண்டு வருவேன். அவள் வந்த நாளெல்லாம் அந்தப் பெயர் உள்ளே வந்திருந்தது. அவள் லீவு போட்ட நாளெல்லாம் அந்தப் பெயரும் வரவில்லை. குழந்தைக்கு அம்மை போட்டிருந்த ஒன்பது நாளும் வரவில்லை. அவருடைய வருஷத் திதிக்கு அவள் லீவு போட்டிருந்தாள். அன்றைக்கு அவரும் வேலைக்கு வரவில்லை.

இரண்டு மத்தியானங்களில் முடித்தோம். ஒரே ஒரு நாள் மட்டும் பொருந்தவில்லை. தங்கச்சி லீவு, ஆனால் அந்தப் பெயர் பதினொன்றரைக்கு உள்ளே வந்து பத்து நிமிடத்தில் வெளியே போயிருக்கிறது.

"இது யாருங்ணா?" என்றார் இன்ஜினியர்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. பிரிண்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். சோதித்துப் பார்க்க, அந்த ஸ்கூட்டர் நம்பரைத் தட்டி உள்ளே போனவன் நான்.

"எழுதிக்க தம்பி. அது நானு."

அவர் எழுதிக்கொண்டார். முதல் நாள் 'தெரியல' என்றேனே, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் பெர்சனல் ஆபீஸர் முன்னால் நின்றோம். மராத்திக்காரர், நல்ல மனிதர். ஆனால் காகிதத்தில் இல்லாததை நம்ப மாட்டார். எங்களோடு ஹிந்தியில் பேசினார். நான் தமிழில் எழுதுகிறேன். மஸ்டரையும் இன்ஜினியரின் காகிதங்களையும் பொறுமையாகப் புரட்டினார். திதி நாளுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வேலை செய்தது இவங்கதான். ஒத்துக்கறேன். ஆனா அண்ணா, ரூல்ல ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அடுத்தவர் பேர்ல இவங்க ஏன் போனாங்க? தானா போனாங்களா, யாராவது போகச் சொன்னாங்களா?"

தங்கச்சி தரையைப் பார்த்தாள். டீக்கடையில் அவள் கேட்டதற்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லியிருக்கவில்லை.

"நான்தான் போகச் சொன்னேன் சாஹேப்."

"ஏன்?"

"பதினோரு மெஷின் சுத்தணும். சோம்பேறித்தனம். அடுத்த வாரம் சேக்கறேன்னு சொன்னேன், சேக்கல."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

அவர் சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா தெரியவில்லை. "எழுதிக் கொடுப்பீங்களா? எழுதினா உங்களுக்குத்தான் நல்லதில்ல. ஹெட் ஆபீஸ் பார்க்கும்."

அப்போதெல்லாம் எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை. ஆபீஸ் காகிதத்தில் அதுவரை கையெழுத்து மட்டும்தான் போட்டிருந்தேன். அவர் மேசையின் ஓரத்திலேயே உட்கார்ந்து, ஹிந்தியில், ஆறு வரி எழுதினேன். எனக்கு வேர்த்துவிட்டது. பிரிண்டர் சோதித்த நாளையும் சேர்த்தே எழுதினேன். அவர் படித்துவிட்டு இரண்டு எழுத்தைத் திருத்தினார்.

பத்து நாளில் ஹெட் ஆபீஸ் பதில் வந்தது. பெயர்ப் பட்டியலில் இனி நான் கை வைக்கக் கூடாது, டைரக்டரி இருக்கிற சர்வர் அறையின் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கேபிள் வேலை மட்டும் என்னோடு இருக்கலாம். சாவியைக் கொடுத்தபோது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். தங்கச்சியை நிரந்தரமாக்கினார்கள். கடிதத்தை மடித்து டப்பாப் பையில் வைத்துக்கொண்டாள். எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? நான் கட்டிய முடிச்சைத்தான் நான் அவிழ்த்தேன்.

அதே வாரம் இன்ஜினியர் அவள் பெயரை டைரக்டரியில் புதிதாகச் சேர்த்து, இரண்டு வருடமாக அவள் போட்ட ஃபைல்களை அதற்கு மாற்றிக் கொடுத்தார். அவள் புருஷன் பெயரை அழிக்கவில்லை. அழித்தால் பழைய ஃபைல்களில் பெயருக்குப் பதில் வெறும் நம்பர்தான் தெரியுமாம். யாரும் அதன் வழியாக உள்ளே வர முடியாதபடி மூடி மட்டும் வைத்தார்.

"அவரு போட்ட லிஸ்ட்டெல்லாம் நான் தெறந்து பாக்கலாம்ல?" என்று தங்கச்சி கேட்டாள்.

"பாக்கலாமுங்க்கா. படிக்க மட்டும் பர்மிஷன் குடுத்திருக்கேன். மாத்த முடியாது."

நான் அப்போது அவள் மேசைக்கு அடியில் கேபிள் முனையை மாற்றிக்கொண்டிருந்தேன். மேலே கீபோர்டு சத்தம் கேட்டது. அது நின்றதும் எழுந்து பார்த்தால், அவர் கடைசியாகப் போட்ட பட்டியல் திரையில் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் விழுந்ததற்கு முதல் நாள் சாயந்திரம் போட்டது.

"பாருங்கண்ணா, லாரி நம்பர தப்பா போட்டிருக்காரு. கடைசி ரெண்டு நம்பர் முன்ன பின்ன இருக்குது." பழக்கத்தில் அதைத் திருத்தித் தட்டினாள். முடியாது, அனுமதி இல்லை என்று மெஷின் சொன்னது. இன்னொரு தடவை தட்டினாள். மறுபடி அதையே சொன்னது.

அவள் சிரித்தாள். அந்த ஆபீஸுக்கு வந்த பிறகு அவள் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வுடமாட்டேன்றாரு" என்று சொல்லிவிட்டு அந்த ஃபைலை மூடி, அன்றைக்குக் கிளம்ப வேண்டிய லாரிக்குத் தன் பெயரில் பட்டியல் போட ஆரம்பித்தாள்.